அசைவு, மறுபடி

அப்பாவின் அலமாரியில் பழுப்புக் கவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒன்றைத் தவிர ஒவ்வொன்றிலும் ஒருவருடைய முகம், கறுப்பு வெள்ளையில். கவரின் மேல் அப்பாவின் கையெழுத்தில் தேதி, வயது, அதற்குக் கீழே "பகுதி: முகம்", அதற்கும் கீழே ஒரு குறிப்பு. பெரும்பாலான கவர்களில் குறிப்பு "சரி" என்று இருக்கும். நாற்பத்தேழு கவர்களில் மட்டும் "அசைவு, மறுபடி" என்று இருக்கும். அந்த நாற்பத்தேழும் அம்மாவுடையவை. அவற்றில் மிகப் பழையதில் "பகுதி: மார்பு" என்று எழுதியிருக்கிறது.

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருக்கு வாழ்க்கையில் பெரிதாக ஆசைகள் கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தது. அம்மாவை அசையாமல் ஒரு படம் எடுக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவராக இருந்தார். தெருவில் அவருக்குப் பெயர் எலும்பு சார். ஒரு நாளைக்கு அறுபது பேர் வருவார்கள். அறுபது பேரிடமும் அவர் பேசுவது மூன்றே வாக்கியம். "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், விடலாம்." முப்பத்துநான்கு வருடம் இதையே சொன்னதில் அது அவருடைய உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. என் விரலில் ஏறிய முள்ளை எடுக்கும்போதும் இதையேதான் சொல்வார். ஒருமுறை தூக்கத்தில்கூடச் சொன்னாராம். "கேட்டதும் நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். விடலாம்னு சொல்லாமலே மனுஷன் குறட்டை விட ஆரம்பிச்சுட்டார்" என்பாள் அம்மா.

அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் ஓர் அறை, ஒரு மைக், சுவரில் நேர அட்டவணை. ஊரில் அவள் குரலைக் கேட்காதவர் இல்லை, முகத்தைப் பார்த்தவர் அதிகம் இல்லை. நாற்பது நிமிடத் தாமதமோ, பச்சைப் பையைத் தவறவிட்டவர் உடனே அலுவலகத்துக்கு வர வேண்டும் என்பதோ, எல்லாம் இஸ்திரி போட்ட ஒரே குரலில் வரும். மைக்கை அணைத்துவிட்டால் அவள் வேறு ஆள். சின்ன விஷயம் போதும், சிரிப்பு வந்துவிடும். முதலில் தோள் குலுங்கும், பிறகு தலை, பிறகு உட்கார்ந்திருக்கும் நாற்காலி. அடக்கச் சொன்னால் இன்னும் அதிகமாகும்.

இவர்கள் சந்தித்ததே அதனால்தான். வேலையில் சேர்வதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அம்மா எக்ஸ்ரே எடுக்கப் போனாள். அப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். பிடித்த அடுத்த நொடியே சிரிப்பு. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் விலா எலும்பெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வீணான ஃபிலிம், குப்பைக்குப் போக வேண்டியது. அப்பா கவரில் போட்டு "அசைவு, மறுபடி" என்று எழுதி மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் அவருக்கு வேறு வார்டில் வேலை. மூத்த ஊழியர் ஒருவர் எடுத்தார், ஒரே முறையில் சரியாக வந்துவிட்டது.

ஏன் சிரித்தாய் என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். அப்பா அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லும்போது நாட்டுக்கே உத்தரவு போடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார், யாருக்குத்தான் வராது என்பாள். லட்சம் பேருக்கு வரவில்லையே என்பார் அப்பா. அவருடைய அக்காள், என் அத்தை, இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லத் தவறமாட்டாள்: "அன்னைக்கு ஆடினது அவ இல்லடா. நீதான்."

எனக்கு ஏழு வயதானபோது அப்பா ஒரு கேமரா வாங்கினார். யாரோ பயன்படுத்தியது, ஃபிலிம் போடும் வகை. எக்ஸ்ரே அறையில் ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் இருந்துவிட்டு வருகிறவருக்கு எங்கள் முன்னறை ஜன்னல் ஒரு சொத்து. முதல் மாடி, வடக்குப் பார்த்தது, மூன்றடிக்கு நாலடி. நேர் எதிரே ஒரு கிடங்கின் வெள்ளைச் சுவர். வெயில் உள்ளே விழாது. சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும் வரும், மெத்தென்று. காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை அது மாறாமல் இருக்கும். அவரே கண்டுபிடித்த நேரம் அது. பின்னாளில் நான் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் வேலைக்குப் போன பிறகு வெளிச்சமானியை வைத்து அளந்து பார்த்தேன். அவர் சொன்னது ஐந்து நிமிடம்கூடத் தப்பவில்லை.

ஜன்னலிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி ஒரு மர நாற்காலி. உட்காருகிறவரின் மறுபக்கம் துணி காயவைக்கும் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைப் போர்வை, நிழல் விழும் கன்னத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் திருப்ப. பின்னால் ஒரு கறுப்புக் கம்பளி. ஸ்டாண்டில் கேமரா. அவ்வளவுதான் ஸ்டூடியோ. குளியலறை இருட்டறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் குளிக்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். கலரில் எடுத்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில், எலும்புக்கு ஏதுங்க கலர். வெளிச்சம் எங்கே பட்டது, எங்கே படவில்லை, அது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்பார்.

முதலில் உட்கார்ந்தவர் கீழ்வீட்டுத் தையற்காரர். சலவைச் சட்டை, மோதிரம், கைக்கடிகாரம், மைனர் செயின் என்று மாப்பிள்ளை மாதிரி வந்தார். அப்பா அவரை நிற்கவைத்து, உலோகம் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். பழக்கதோஷம். தையற்காரர் மறுபேச்சில்லாமல் கழற்றினார். பிறகு சட்டைப் பொத்தான் பிளாஸ்டிக்தான், இருக்கலாமா என்று பயந்தபடி கேட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்பா சொன்னார்: "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." கிளிக். "ம், விடலாம்."

அந்த மாதம் பன்னிரண்டு பேரை எடுத்தார். எல்லோரிடமும் அப்படியே. பன்னிரண்டு படங்களையும் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அவள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நடந்து பார்த்தாள். தையற்காரர் சண்டைச் சேவல் மாதிரி நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். தபால்காரருக்குக் கன்னம் உப்பியிருந்தது. எல்லோருக்கும் தோள் காதருகே இருந்தது. வெளிச்சம் அழகு, கண்ணில் ஜன்னல்கூடத் தெரிந்தது. ஆனால் பன்னிரண்டு பேருமே தண்ணீருக்குள் முங்கி எண்ணிக்கொண்டிருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

அம்மா சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அப்பா கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்ததோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"ஏங்க, பிடிக்கச் சொல்லும்போது எதுக்கு எடுக்கறீங்க? விடலாம்னு சொல்லிட்டு எடுங்க."

அப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. மூச்சை விட்ட பிறகு படம் எடுப்பது அவருடைய தொழிலில் தப்பு. ஒரு வாரம் யோசித்தார். அடுத்த ஞாயிறு தையற்காரரை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, பொத்தானைத் தொடாமல் மூன்று எண்ணி, "ம், விடலாம்" என்றார். அந்தக் கடைசி 'ம்' வாயிலிருந்து போகும்போது அழுத்தினார்.

விடலாம் என்றதும் முகத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தோள் ஒரு விரற்கடை இறங்கும். நெற்றி இறங்கும். படம் எடுத்து முடிந்தது என்று நினைத்து அந்த ஆள் தன் முகத்தைத் தன்னிடமே திரும்ப வாங்கிக்கொள்வார். அப்போதுதான் கண்ணுக்குள் ஆள் வருவார். அப்பா எடுத்தது அதைத்தான். "எடுத்தாச்சா?" என்பார்கள். "எடுத்தாச்சு" என்பார். எப்போது எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. ரகசியம் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டில் ஆள் உட்கார்ந்திருப்பது வழக்கமானது. பக்கத்துத் தெருவில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். அவர் தெருவில் வந்தால் மாடுகூட ஒதுங்கும் என்று சொல்வார்கள். அவரும் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய கணவர் தனியாக வந்து, இன்னொரு பிரதி வேண்டும், வீட்டில் தெரிய வேண்டாம் என்றார். எதற்கு என்று அப்பா கேட்டாராம். "இப்படி ஒரு பார்வை இவங்ககிட்ட இருக்குன்னு இருபது வருஷமா எனக்குத் தெரியாம போச்சு சார். ஆபீஸ்ல வச்சுக்கறேன்" என்றார் அவர்.

அத்தையோடு மட்டும் சண்டை. அவள் இரட்டை வடச் சங்கிலி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அப்பா வழக்கம்போலக் கழற்றச் சொன்னார்.

"படத்துக்குன்னே போட்டுட்டு வந்தேன்டா."

"கழுத்தெலும்ப மறைக்குது."

"என் கழுத்தெலும்ப யாரு கேட்டா? சங்கிலியத்தான் பாப்பாங்க."

கடைசியில் ஒன்று சங்கிலியோடு, ஒன்று இல்லாமல் என்று முடிவானது. அத்தை மாட்டிவைத்திருப்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சங்கிலி இல்லாததை அவள் பீரோவில், புடவைக்கு நடுவில் வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

எல்லோரையும் பிடித்த அந்தத் தந்திரம் அம்மாவிடம் மட்டும் செல்லவில்லை. சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே. அப்பா "மூச்சை" என்று ஆரம்பித்தாலே தோள் குலுங்கும். ஜன்னல் வெளிச்சத்தில், அப்பா போடும் ஃபிலிமுக்கு, ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு தேவை. கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவுதான். அம்மாவின் சிரிப்புக்கு அது தாராளம். ஒவ்வொரு படத்திலும் மூக்குத்தி ஒரு கோடாக இருக்கும். சிலவற்றில் முகம் எது, பின்னால் இருக்கும் கம்பளி எது என்று சொல்ல முடியாது.

அவர் விடவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, சில வருடம் இரண்டு முறை. நாற்காலியைத் தட்டி, "பேஷண்ட், உள்ள வாங்க" என்பார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். "உள்ள எல்லாத்தையும் அன்னைக்கே பாத்தாச்சு. வெளிய என்னங்க புதுசா இருக்கு?" என்பாள். ஒன்றும் பேசாமல் எடுத்துப் பார்த்தார். அவருடைய மௌனம் இன்னும் வேடிக்கையாக இருந்ததாம். பேருந்து நேரங்களை அறிவிப்புக் குரலில் சொல்லச் சொல்லி எடுத்துப் பார்த்தார். ஆறு பேருந்து வரை கல் மாதிரி இருந்தாள். ஏழாவது பேருந்துக்கு அப்பா கேமராவுக்குப் பின்னால் குனிந்தார், அவர் வழுக்கை தெரிந்தது, முடிந்தது கதை. ஒரு தடவை தன்னால்தான் சிரிப்பு வருகிறது என்று தீர்மானித்து, தையற்காரரிடம் கேமராவை ஒப்படைத்துவிட்டு வெளியே போய் நின்றார். தையற்காரர் பொறுப்பாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பாவின் குரலிலேயே மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அம்மா நாற்காலியோடு சாயப்போனாள். நான்தான் பிடித்தேன்.

நடுவில் ஒரு வருடம் கிடங்குச் சுவருக்கு அரக்கு நிறம் அடித்துவிட்டார்கள். அளந்தேன், வெளிச்சம் பாதிக்கும் கீழே போயிருந்தது. அப்பா கிடங்கு மேலாளரிடம் போய் நின்றார். உன் வீட்டு வெளிச்சத்துக்கு என் சுவர் என்ன செய்யும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா வாதாடவில்லை. ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொன்னார். உட்காரவைத்துப் படம் எடுத்து, பக்கத்தில் தையற்காரரின் பழைய படத்தையும் வைத்துக் காட்டினார். தையற்காரர் முகம் பால் மாதிரி இருந்தது. மேலாளர் புகைபோக்கிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவர் மாதிரி இருந்தார். ஒரு மாதத்தில் சுவர் வெள்ளையானது. மேலாளர் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். அவர் கவர் வரிசையில் இருநூற்று எழுபத்தொன்றாவது, "சரி".

என் பங்குக்கு நான் கணக்குப் போட்டேன். சிரிக்கும் தலை ஒரு நொடிக்கு இவ்வளவு தூரம் அசைகிறது, ஆகவே நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்குள் எடுத்தால் உறைந்து நிற்கும். என் சம்பளத்தில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தேன். அப்பா மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்தபோதும் முதல் ஆளாகக் கற்றுக்கொண்டவர் அவர். அம்மாவை உட்காரவைத்து, சிரிக்கவிட்டு, எடுத்தார். படம் துல்லியம். புருவத்தில் ஒவ்வொரு முடியையும் எண்ணலாம். மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். கண் இடுங்கி, வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. சிரிப்பை நடுவில் வெட்டினால் அது வலி மாதிரி இருக்கிறது. அதுவரை எனக்கு அது தெரியாது.

"பல் டாக்டருக்கு அனுப்பலாம். எந்தப் பல்லுன்னு சொல்லிடுவார்" என்றார் அப்பா.

அம்மா மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் படத்தை அவர் கவரில் போடவில்லை. கேமராவை எனக்கே திருப்பிக் கொடுத்தார். கணக்கு சரி, கேள்விதான் தப்பு என்று மட்டும் சொன்னார்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படியேறி வந்தால் கொஞ்ச நேரம் பேசமாட்டார். தன் பழைய ஆஸ்பத்திரிக்குத் தானே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் வேலை கற்றவரே எடுத்தாராம், மூச்சைப் பிடிக்கச் சொல்லக் கூச்சப்பட்டாராம். ஃபிலிமை இரண்டு கிளிப்பில் முன்னறை ஜன்னலில் மாட்டினார். கிடங்குச் சுவரின் வெளிச்சத்தில் அவருடைய நெஞ்சு முழுவதும் தெரிந்தது. நுரையீரலின் கீழ்ப்பக்கம் இரண்டு ஓரத்திலும் சிலந்தி வலை மாதிரி இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். இது பின்னோக்கிப் போகாது, முன்னோக்கித்தான் போகும் என்றார்.

அம்மா வந்து அவர் பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"படம் நல்லா வந்திருக்கா?"

"அசைவே இல்ல" என்றார் அப்பா. "மூணு செகண்ட் பிடிச்சேன்."

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்தேன். டாக்டர் கொடுத்த மாதங்கள் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் எண்ணவில்லை. அப்பா மட்டும் ஒருநாள் கவர்களையெல்லாம் இறக்கித் தூசி தட்டி அடுக்கினார். அம்மாவுடைய கட்டைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அம்மா என்னிடம் சமையலறையில் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை நான் சிரிக்க மாட்டேன். செத்தாலும் சிரிக்க மாட்டேன், பாரு."

ஞாயிறு பத்தே கால். வெளிச்சம் நன்றாக இருந்தது. அப்பாவால் நின்று எடுக்க முடியாது என்பதால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டேன். பொத்தானை அழுத்த ஒரு முழம் நீளத்துக்கு ஒயர் உண்டு, அதைக் கையில் கொடுத்தேன். குனிந்து அவரே ஃபோகஸ் பார்த்தார். முக்காலி போட்டதில் துணி ஸ்டாண்டுக்கு இடமில்லை, கன்னத்து நிழல் கெடக்கூடாதென்று நான் வெள்ளைப் போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வந்து உட்கார்ந்தாள். முகத்தை அவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்திருப்பது தாடையில் தெரிந்தது. அப்பா ஒயரைக் கீழே இறக்கினார்.

"என்ன பேஷண்ட், எந்த பஸ் கவுந்துச்சு?"

போயிற்று. தோள், தலை, நாற்காலி. அப்பாவும் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. அடங்கியதும் தண்ணீர் குடித்தார். ஒயரை எடுத்துக்கொண்டு, "மூச்சை இழுத்து" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி இருமல், இந்தத் தடவை நீளமாக. நான் போர்வையைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். அம்மா நாற்காலியிலிருந்து கையைக் காட்டினாள், நில் என்று.

இருமல் நின்றது. அப்பா ஒயரைக் கட்டைவிரலில் வைத்துக்கொண்டு தலையை அசைத்தார். நான் தயார் என்று அர்த்தம். பேசக் காற்று இல்லை.

அம்மா சொன்னாள். பேருந்து நிலையத்துக் குரல், இஸ்திரி போட்டது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

அப்பா இழுத்துப் பிடித்தார். அறுபது பேர் வீதம் முப்பத்துநான்கு வருடம் மற்றவர்கள் செய்ததை அவர் செய்தார்.

"அசையாதீங்க."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெஞ்சு ஏறி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டும், சிரிக்கக்கூடாது என்ற எதுவுமே அவளுக்கு நினைவில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

"ம், விடலாம்."

கிளிக்.

அப்பா வேண்டுமென்று அழுத்தவில்லை. அதை அவரே பிறகு சொன்னார். அந்த வார்த்தையின் கடைசி எழுத்தில் கட்டைவிரல் தானாகப் போய்விட்டதாம். மூச்சை விட்டவர் தன் விரலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுத் தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கத்திக் கேட்டார்.

ஃபிலிமை நான் கழுவினேன். கதவிடுக்கில் துணி அடைத்துக் குளியலறைக்குள் நான், வெளியே முக்காலியில் அப்பா. நிமிடங்களை அவர் கதவில் தட்டிச் சொன்னார். அலசி எடுத்து, ஈரத்தோடு அவர் கையில் கொடுத்தேன். ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினார். லென்ஸை வைத்து மூக்குத்தியைப் பார்த்தார். கோடு இல்லை, புள்ளி. கண்ணைப் பார்த்தார். சின்னதாக ஒரு ஜன்னல், மூன்றுக்கு நாலு. 'விடலாம்' சொன்ன உதடு அப்போதுதான் மூடியிருந்தது. சிரிப்பு இன்னும் வந்து சேரவில்லை, வழியில் இருந்தது.

"அசைவு இல்ல" என்றார்.

"காட்டுங்க" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். அவளுக்குத் தலை முழுக்க நரைத்துப் பல வருடம் ஆகிறது. "பரவால்லையே, முடியெல்லாம் கருகருன்னு இருக்கு. பிரிண்ட் எல்லாம் வேண்டாங்க, இதையே மாட்டிடலாம்."

அப்பா ஒரு புதுக் கவரை எடுத்தார். தேதி போட்டார். வயது போட்டார். அம்மா இரண்டு வயது குறைக்கச் சொன்னாள், குறைக்கவில்லை. பகுதி: முகம். குறிப்பு என்ற இடத்தில் "அசைவு இல்லை" என்று எழுதினார். பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். பக்கத்தில் கமா போட்டு, "மறுபடி" என்று எழுதினார்.

"அதான் நல்லா வந்துடுச்சே" என்றாள் அம்மா. "அப்புறம் எதுக்கு மறுபடி?"

அப்பா மூச்சு சேரும் வரை காத்திருந்தார்.

"நல்லா வந்துச்சுன்னு நிறுத்திட முடியுமா?" என்றார். "மணி பதினொண்ணுதான். வெளிச்சம் இருக்கு. வாங்க பேஷண்ட்."

அடுத்த ஃபிலிமை மாட்டச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் கேமராவைத் திறந்தேன். அம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அதற்குள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.